கேட்கத் தெரிந்துகொள்ளும் வருஷம்

கேள்வி கேட்டிருக்கும் தம்பி அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலிடம். இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் பொறியியல் முதலாம் ஆண்டு. முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்து, கணிதத்திலும் இயற்பியலிலும் அரியர், அதாவது தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடம். “ஸ்கூல்ல நான்தான் ஃபர்ஸ்ட். இங்க வந்ததும் ஒண்ணுமே தெரியாதவனா ஆயிட்டேன். இந்த முதல் வருஷத்துல ஒருத்தன் உண்மையில என்ன கத்துக்கிட்டு வெளியே வரணும்?” என்று கேட்கிறார்.

முதலாண்டு மாணவர்களுக்குப் பல வருஷமாகக் கணிதம் எடுப்பவன் நான். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. தனக்கு எது தெரியவில்லை என்பதைச் சரியாகக் கண்டுபிடிப்பதும், அதைத் தெரிந்தவரிடம் போய் வாய் திறந்து கேட்பதும்தான் முதல் வருஷத்தில் கற்கவேண்டிய பாடம். வகுப்பு, லேப், ஆபீஸ், ஹாஸ்டல், வீடு எல்லா இடத்திலும் இதுதான். இந்தப் பழக்கம் வந்துவிட்ட பிள்ளைகள் முதல் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்திருந்தாலும் மூன்றாம் வருஷத்தில் நன்றாக வந்துவிடுகிறார்கள். இது வராதவர்கள் முதல் வருஷம் எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆகியிருந்தாலும் பிறகு எங்காவது மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

உங்களுக்கு நடந்தது உங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. கட்-ஆஃப் 180, 190 என்று வந்தவர்கள் கல்லூரியே வைக்கும் முதல் இன்டர்னல் தேர்வில் நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே வாங்கிவிட்டு, விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 2007-லிருந்து பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூவில் எடுத்த கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு என்று மாற்றி 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் இத்தனை பேர் கல்லூரிக்குள் வந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். அந்த முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் அந்தக் கட்-ஆஃப்பை எடுக்கவைக்கப் பள்ளி என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், ஸ்லிப் டெஸ்ட், ரிவிஷன் டெஸ்ட், புக் பேக் கேள்விகள், பழைய வினாத்தாள்கள். எதைப் படிக்கணும், எப்போது படிக்கணும், எத்தனை தடவை எழுதிப் பார்க்கணும் என்பதையெல்லாம் உங்கள் ஆசிரியர் முடிவு செய்தார். எந்தப் பாடத்தில் சறுக்குவீர்கள் என்று உங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் கேட்கவேண்டிய தேவையே வரவில்லை. அமைதியான பையன் என்றால் பள்ளியில் அது பாராட்டு.

கல்லூரியில் அதே அமைதி உங்களை மறைத்துவிடும். வகுப்பில் அறுபது பேர். முதலாண்டுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் எடுக்கும் எங்களைப் பெரும்பாலான கல்லூரிகளில் சயின்ஸ் அண்ட் ஹியுமானிட்டீஸ் என்று ஒரே துறையில் வைத்திருப்பார்கள். ஒருவருக்கே இரண்டு மூன்று பிரிவுகள் இருக்கும். கவுன்சிலிங் முடிந்து வகுப்பு தொடங்கவே ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். ஐந்து யூனிட்டையும் அதற்குள் முடித்தாக வேண்டும். பின் பெஞ்சில் தலையாட்டிக்கொண்டிருக்கும் பையனுக்குப் புரிகிறது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். உங்களுக்குப் புரியவில்லை என்ற செய்தி எங்களுக்கு முதன்முதலாக வந்து சேருவது இன்டர்னல் விடைத்தாளில்தான். அது தாமதம்.

சரி, கேட்பது என்றால் எப்படிக் கேட்பது? கணிதத்திலேயே ஒரு இடத்தை எடுத்துக் காட்டுகிறேன். முதல் யூனிட் அணிகள், அதாவது மேட்ரிக்ஸ். அதில் ஐகென் மதிப்பு காண்பது, அதாவது ஒரு சதுர அணிக்கே உரிய சில சிறப்பு எண்களைக் கண்டுபிடிப்பது. முதல் வரிசையில் 4, 1. இரண்டாம் வரிசையில் 2, 3 என்று ஒரு சின்ன அணி கொடுப்பேன். போர்டில் போட்டுக் காட்டிய முறைப்படி சமன்பாட்டை எழுதித் தீர்த்தால் 2, 5 என்று வரும். எழுதி முடித்தவுடனே எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், சரியா தப்பா என்று. நான் சொல்லமாட்டேன். மூலைவிட்டத்தில் இருக்கும் 4-ஐயும் 3-ஐயும் கூட்டச் சொல்வேன். 7 வரும். ஐகென் மதிப்புகளைக் கூட்டினாலும் 7 வரவேண்டும். அணிக்கோவையின், அதாவது டிடர்மினன்ட்டின் மதிப்பைப் போடச் சொல்வேன். 4-ஐயும் 3-ஐயும் பெருக்கிய 12-இல், 1-ஐயும் 2-ஐயும் பெருக்கிய 2 போக 10. ஐகென் மதிப்புகளைப் பெருக்கினாலும் 10 வரவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் விடை சரி, என்னைப் பார்க்க வேண்டியதில்லை. மூன்றுக்கு மூன்று அணியில் இந்தச் சோதனை மட்டும் போதாது, ஆனாலும் அவசரத்தில் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இதைப் பிடித்துக்கொண்ட மாணவர் கேட்கும் கேள்வியே மாறிவிடுகிறது. போன வாரம் “சார், இந்த சம் புரியல” என்று வந்தவர், இந்த வாரம் “சார், கூட்டினா சரியா வருது, பெருக்கினா வரல. டிடர்மினன்ட்ல எங்கயோ மைனஸை விட்டிருக்கேன், எங்கேன்னு தெரியல” என்று வருவார். முதல் கேள்விக்கு நான் பாடத்தையே மறுபடி நடத்தவேண்டும். அடுத்த வகுப்புக்கு மணி அடித்திருக்கும்போது அது முடியாது, “அப்புறம் வா” என்றுதான் சொல்வேன், அந்த அப்புறம் வராமலே போகும். இரண்டாவது கேள்விக்கு வராந்தாவில் நின்றபடியே அரை நிமிஷத்தில் பதில் சொல்லிவிடலாம். எந்த ஆசிரியராக இருந்தாலும், எவ்வளவு கண்டிப்பானவராக இருந்தாலும், இப்படிக் கேட்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனசு வராது.

அதற்கு நான் சொல்லித்தரும் வழி ரொம்ப எளிமையானது. வீட்டிலோ ஹாஸ்டலிலோ போர்டுக் கணக்கை நோட்டைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். எந்த வரி வரைக்கும் ஏன் அப்படி வந்தது என்று உங்களால் சொல்ல முடிகிறதோ, அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் நோட்டைத் திறந்து, அந்தக் கோட்டில் விரலை வைத்து, “இது வரைக்கும் தெரியுது, அடுத்த வரி எப்படி வந்துச்சு?” என்று கேளுங்கள். ஆசிரியரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் இரண்டு பேராகச் சேர்ந்து வாருங்கள். இரண்டு பேர் வரும்போது கூச்சமும் பாதியாகிவிடும்.

ஆங்கிலத்தில் கேட்க வராதே என்பது அடுத்த தயக்கம். தமிழில் கேளுங்கள். தேர்வை ஆங்கிலத்தில் எழுதவேண்டும், சரி. சந்தேகத்தையும் ஆங்கிலத்தில்தான் கேட்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வகுப்பில் தமிழில் பேசினால் முகம் சுளிக்கும் ஆசிரியர் யாராவது இருந்தால், வகுப்பு முடிந்தபிறகு போய்க் கேளுங்கள். 2010-லேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டு படிப்புகளையும் தமிழ் வழியில் தொடங்கியது. பொறியியலைத் தமிழில் யோசிக்க முடியாது என்று யாராவது சொன்னால் அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் புரியட்டும், ஆங்கிலத்தில் எழுதுவது பயிற்சியில் வந்துவிடும்.

இன்னொன்று, இது யாரும் சொல்வதில்லை. பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை அரசு இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதன் முதல் அத்தியாயமே அணிகளும் அணிக்கோவைகளும்தான். எட்டாவது அத்தியாயம் வகையீடுகளும் பகுதி வகைக்கெழுக்களும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டுப் பாடத்திட்டமும் தேர்வு விதிகளும் அடங்கிய தொகுப்பில், முதல் செமஸ்டர் கணிதத்துக்கு வேண்டிய அடிப்படையில் பெரும்பகுதி அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது, அதுவும் நீங்கள் ஏற்கெனவே தமிழில் கரைத்துக் குடித்த பாடம். தமிழ்ப் புத்தகத்தை இடது பக்கமும் ஆங்கிலப் புத்தகத்தை வலது பக்கமும் வைத்து அதே அத்தியாயத்தை மறுபடி படியுங்கள். புதிதாக ஒரு ஆயிரம் பக்கப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கி அதன்முன் பயந்து உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பைத்தான் லேபிலும் இதே விஷயம்தான். புரோகிராம் ஓடவில்லை என்றால் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச் செய்தி வரும். பெரும்பாலான முதலாண்டு மாணவர்கள் அதைப் படிக்காமலே கையைத் தூக்குவார்கள், அல்லது பக்கத்துத் திரையைப் பார்த்து அப்படியே அடிப்பார்கள். அந்தச் செய்தி எந்த வரியில் சிக்கல் என்று எண்ணோடு சொல்கிறது. அதை உரக்கப் படிக்கச் சொன்னாலே பாதிப் பேர் தாங்களே சரிசெய்துவிடுவார்கள். சாட்ஜிபிடியிடம் கேட்பதைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லோரும் கேட்கிறீர்கள். அசைன்மென்ட்டை அப்படியே எழுதித் தரச் சொல்லி வாங்கி ஒட்டினால் அன்றைக்கு வேலை முடியும். லேப் தேர்வில் தனியாக உட்காரும்போது கையில் எதுவும் நிற்காது. நீங்கள் எழுதியதைக் கொடுத்து, எந்த வரியில் தப்பு, ஏன் தப்பு என்று கேளுங்கள். கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒருவரிடம் கேட்பதால் நீங்கள் அவருக்குக் கீழே போய்விடுவதில்லை. இதை வாதமாகச் சொல்வதைவிட நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தச்சுவேலை செய்பவரின் மகன் ஒருவர், கணிதத்தில் ரொம்பத் திணறினார். பக்கத்து வரிசைப் பெண் ஒருவர்தான் அவருக்குப் பொறுமையாகச் சொல்லித்தருவார். இரண்டாம் செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வந்தது. ஒரு கூம்பைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் எப்படித் தெரியும் என்று வரையவேண்டும். வகுப்பே டிராஃப்டர் என்ற வரைகருவியை வைத்துக்கொண்டு விழித்தபோது, அந்தப் பையன் பென்சிலைத் தொடுவதற்கு முன்னாலேயே கையால் காற்றில் அந்த வடிவத்தைக் காட்டினார். சின்ன வயதிலிருந்து மரத்தை அறுத்துப் பார்த்த கண் அது. அந்தப் பெண் தன் ஷீட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும், தம்பி. வயலில் மோட்டார் ரிப்பேர் பார்த்திருப்பீர்கள், கடையில் கணக்கு எழுதியிருப்பீர்கள். அதைத் தேடி ஒருவர் உங்களிடம் வருவார்.

வகுப்புக்கு வெளியே கேட்கத் தெரியவேண்டிய இடம் கல்லூரி ஆபீஸ். இங்கே தோற்றுப்போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் வரவேண்டிய பணமே வராமல் போய்விடுகிறது. இந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்று காட்டும் போனஃபைடு சர்டிபிகேட் ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கவுன்டரில் “நாளைக்கு வா” என்பார்கள். மறுநாள் “கையெழுத்து ஆகல” என்பார்கள். மூன்றாவது நாள் பையன் போகமாட்டார். அங்கே நின்று, “யாரோட கையெழுத்து பாக்கி இருக்குங்க சார்? நானே எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வரட்டுங்களா? எந்தத் தேதிக்குள்ள கெடைக்கும்?” என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் அன்றைக்கே வேலை நடக்கும். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். இது உங்களுக்குச் சேரவேண்டியது.

சேரவேண்டியது என்று ஏன் சொல்கிறேன் என்றால், உங்களைப் போன்றவர்களுக்கு என்னென்ன இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டம் அதற்கு முன்பே, 2022 செப்டம்பரில் வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்த திட்டத்தைத்தான் படிப்புக்கு என்று மாற்றினார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிக்கிற பெண்ணின் கைக்கு மாதாமாதம் வருவது எவ்வளவு பெரிய மாற்றம்! குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கினால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. எதற்கு என்ன சான்றிதழ், எந்தத் தேதி என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக உங்கள் பெயரில் வரும் பணத்தை நீங்களே வரவு செலவு பார்க்கப்போகிறீர்கள். அதுவும் இந்த வருஷத்துப் படிப்புதான்.

உங்கள் கேள்வியில் நீங்கள் எழுதாத ஒன்றையும் தொட்டாக வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளிடம், “நீ கோட்டாவுல வந்தவன்தானே” என்று சில சக மாணவர்கள் சொல்வதுண்டு. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்கள் எவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்பதை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி டி. முருகேசன் தலைமையில் ஆணையம் அமைத்து, அதன்பிறகுதான் 2021-இல் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கு இந்த ஒதுக்கீட்டைச் சட்டமாகக் கொண்டுவந்தார்கள். மருத்துவத்துக்கு 2020-லேயே வந்துவிட்டது. லேப் இல்லாத பள்ளியில், ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த பள்ளியில் படித்து அந்த மதிப்பெண்ணை எடுத்தவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை. இந்தச் சொல் காதில் விழுந்தபிறகுதான் பல பிள்ளைகள் வகுப்பில் வாயை மூடிக்கொள்கிறார்கள். “கேட்டால் இவனுக்கு இதுகூடத் தெரியலைன்னு நினைப்பாங்களே” என்ற பயம். அந்த பயத்துக்கு இடம் கொடுத்தால் அதைச் சொன்னவர் ஜெயித்ததாக ஆகிவிடும். நீங்கள் இன்னும் உரக்கக் கேளுங்கள்.

ஹாஸ்டலில் இருக்கிறீர்களா, ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. ஹாஸ்டல் என்றால் ராகிங் பற்றி ஒன்றே ஒன்று. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. சீனியர் பாட்டுப் பாடச் சொன்னார், விளையாட்டுக்குத்தானே என்று ஆரம்பிப்பது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்யச் சொன்னால் வார்டனிடமோ கிளாஸ் அட்வைசரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். சொல்ல முடியாத நிலை என்றால் தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522 இருக்கிறது, 24 மணி நேரமும்.

அதைவிட அதிகம் பேரைத் தாக்குவது தனிமை. முதல் மாதம் புது இடம், புது முகம் என்று ஓடிவிடும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த வாரத்தில்தான் நிறையப் பேருக்கு அழுகை வரும். மெஸ்ஸில் தட்டை வைத்துக்கொண்டு யார் பக்கத்தில் உட்காருவது என்று தேடுவது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் தினம் மூன்று வேளை அப்படித் தேடும்போது மனசு களைத்துவிடும். ஒரே மாவட்டம், ஒரே ஊர்ப்பக்கம் என்று ஒட்டிக்கொள்வது இயல்புதான். ஆனால் சில ஹாஸ்டல்களில் அது மெல்ல மெல்ல ஒரே சாதி என்று ஆகிவிடுகிறது, கையில் கட்டும் கயிற்றின் நிறம் வரைக்கும் வந்து நிற்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் நிற்கக்கூடிய நட்பு கிடைக்கும் வயது இது. அதை அப்படி ஒரு வேலிக்குள் அடைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊரில் உங்கள் தெருவுக்கு வரவே முடியாத ஒருவர் இங்கே உங்கள் ரூம்மேட்டாக இருக்கலாம். அவரிடம் அவர் ஊரைப் பற்றிக் கேளுங்கள். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் பல நாள் தொடர்ந்தால் கல்லூரி கவுன்சிலரைப் பாருங்கள், அல்லது 14416-க்கு ஃபோன் செய்யுங்கள். அது அரசின் டெலி-மானஸ் சேவை, தமிழிலேயே பேசலாம்.

இதைப் படிக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. பையன்கள் ஹாஸ்டலுக்கு ஒரு நேரம், பெண்கள் ஹாஸ்டலுக்கு அதைவிட முன்னதாக ஒரு நேரம் என்று பல கல்லூரிகளில் கேட்டை மூடுகிறார்கள். லைப்ரரி எட்டு மணி வரை திறந்திருந்தும் ஆறு மணிக்கே உள்ளே போகவேண்டிய பெண் இரண்டு மணி நேரப் படிப்பைத் தினமும் இழக்கிறார். தனியாகக் கேட்டால் பதில் வராது. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, லைப்ரரியிலிருந்து ஹாஸ்டல் வரை பாதுகாப்பாக வர என்ன ஏற்பாடு வேண்டும் என்பதையும் எழுதி, முதல்வரிடம் நேரில் கொடுங்கள். மறுப்பதற்குக் காரணம் தேடுவது அவர்களுக்குச் சிரமமாகிவிடும்.

வீட்டுக்கு வருவோம். எனக்குத் தெரிந்து முதல் வருஷத்தில் ஒரு பிள்ளை செய்யும் மிகக் கடினமான காரியம், அரியர் இருக்கிறது என்று வீட்டில் சொல்வதுதான். அம்மா ஃபோனில் “சாப்பிட்டியாப்பா” என்று கேட்பார். அப்பாவுக்கு என்ன கேட்பது என்றே தெரியாது, “நல்லாப் படி” என்று வைத்துவிடுவார். அவர்களிடம் ஏன் கஷ்டத்தைச் சொல்லவேண்டும் என்று “எல்லாம் நல்லாப் போகுது” என்று சொல்லிப் பழகிவிடுகிறீர்கள். பிறகு ஒரு நாள் உறவுக்காரப் பையன் மூலமாக விஷயம் போகும். அவர்களுக்கு அரியர் என்றால் ஃபெயில், ஃபெயில் என்றால் ஒரு வருஷம் போச்சு என்றுதான் தெரியும். நீங்கள்தான் விளக்கவேண்டும். “அப்பா, ரெண்டு பாடத்துல மார்க் பத்தல. அதுக்காக வருஷம் வீணாகாது, அடுத்த செமஸ்டர்ப் பரீட்சையோட அதையும் சேத்து எழுதலாம். இப்ப தினமும் அந்தக் கணக்கப் போட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன்.” இதை ஊருக்குப் போகும்போது நேரில், சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். திட்டு விழலாம். அந்தத் திட்டுக்குப் பிறகு உங்கள் அப்பா உங்களைப் பெரியவனாக நினைத்துப் பேச ஆரம்பிப்பார். நிறையக் குடும்பங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் இரண்டு அரியர். 2021 ரெகுலேஷன்படி தியரிப் பாடத்தில் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. செமஸ்டர் தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம், அதாவது 60-க்கு 27 எடுக்கவேண்டும், இரண்டும் சேர்ந்து 50 வரவேண்டும். இன்டர்னலில் 35 இருக்கிறதே, மிச்சம் 15 போதும் என்று கணக்குப் போட்டு ஏமாறுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகளில் விதி வேறாக இருக்கும், ரெகுலேஷனும் அவ்வப்போது மாறும். உங்கள் பேட்ச்சுக்கு எது என்று கிளாஸ் அட்வைசரிடம் கேட்டு, அந்த ஆவணத்தையே வாங்கிப் படித்துவிடுங்கள். வருகைப் பதிவும் அதில் இருக்கும்: 75 சதவீதம் வேண்டும், மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு 65 வரை விலக்கு கேட்கலாம், அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது, அந்த செமஸ்டரையே மறுபடி படிக்கவேண்டி வரும்.

மறுமதிப்பீட்டுக்கு முன்னால் விடைத்தாளின் ஜெராக்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். தேதி தாண்டவில்லை என்றால் கணிதத்துக்குக் கண்டிப்பாக வாங்குங்கள். மார்க் கூடுமா என்பதற்காகச் சொல்லவில்லை. கணித வினாத்தாள் நூறு மார்க்குக்கு, அதைத்தான் 60-க்கு மாற்றுவார்கள். அதில் இரண்டு மார்க் கேள்வி பத்து, 16 மார்க் கேள்வி ஐந்து. உங்கள் தாளில் எந்தக் கேள்வியில் எந்த வரி வரை மார்க் போட்டிருக்கிறார்கள், எந்த வரியில் நின்றுவிட்டது என்று பாருங்கள். மேலே சொன்ன பென்சில் கோட்டை அங்கே நீங்கள் போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு உங்கள் கணித ஆசிரியரிடம் போங்கள். ஒரு யூனிட்டை முழுசாக, இன்னொன்றைப் பாதியாகச் சரிசெய்தால் எவ்வளவு வரும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்.

ஏப்ரல்-மே தேர்வில் இரண்டாம் செமஸ்டர்ப் பாடங்களோடு இந்த இரண்டையும் எழுதலாம். அரியருக்குத் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்டவேண்டும். தேதியை நோட்டீஸ் போர்டில் பாருங்கள், வாட்ஸாப் குரூப்பில் வரும் என்று காத்திருக்காதீர்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனங்கள் பல, நிலுவையில் அரியர் இருக்கக்கூடாது என்றுதான் கேட்கின்றன. முதல் செமஸ்டரில் ஒரு தடவை தவறியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவையும் இருக்கின்றன. அதனால் இரண்டாம் வருஷத்துக்குத் தள்ளிப்போடாமல் இந்த முறையே முடிக்கப் பாருங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கணிதத்தை முதலில் எடுங்கள், அடுத்த செமஸ்டர்ப் பாடங்களுக்கும் அதுதான் வேண்டும்.